டப்பா முக்கியம் சார்!

நம் ஊரில் சில வாத்தியங்களுக்குப் 'பெட்டி' என்றே பெயர். ஆர்மோனியப் பெட்டி. சுருதிப் பெட்டி. உள்ளே துருத்தி, பித்தளை நாக்கு, காற்று என்று ஏகப்பட்ட சமாசாரம் இருக்கிறது. பெயர் என்னவோ வெளியே தெரிகிற பெட்டிக்குத்தான்.

இதை நம் எலெக்ட்ரானிக்ஸ் இளைஞர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். இரண்டு 555 ஐ.சி., நாலு கெபாசிடர், இரண்டு வால்யூம் கன்ட்ரோல், ஒரு குட்டி ஸ்பீக்கர். (555 என்பது ஹான்ஸ் கமென்சிண்ட் என்பவர் 1971-ல் டிசைன் செய்த ஐ.சி. அரை நூற்றாண்டு தாண்டியும் ரிடையர் ஆகாத ஒரே குமாஸ்தா.) ஞாயிறு சாயங்காலம் அது 'கொய்ய்ங்' என்று கத்துகிறது. குமிழைத் திருகினால் 'கிர்ர்ர்' என்று இறங்குகிறது. ஃபாரஸ்ட் மிம்ஸ் என்ற அமெரிக்கர் புத்தகத்தில் போட்டு, பின்னால் 'அடாரி பங்க் கன்சோல்' என்று பட்டப்பெயர் வாங்கிய சர்க்யூட் அது. பரம சந்தோஷம்! போனில் வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பியாகிவிட்டது.

திங்கள் ஆபீஸ். புதன்கிழமை அம்மா மேஜையைத் துடைக்கிறாள். "என்னடா இது, ஒயரும் குப்பையுமா?" ஒரு ஒயர் பிடுங்கிக்கொள்கிறது. அது எங்கே இருந்த ஒயர் என்று அதைச் செருகியவனுக்கே ஞாபகமில்லை. கதை முடிந்தது.

நான் அம்மா கட்சி. ஒயர்க் கூட்டத்தைப் பார்த்து 'இது வாத்தியம்' என்று நினைக்க எந்த அம்மாவாலும் முடியாது. அதையே ஒரு டப்பாவில் போட்டு, மூடி, இரண்டு குமிழ் வைத்துப் பாருங்கள். "அண்ணா ஏதோ மிஷின் பண்ணியிருக்கான், கை வைக்காதே" என்று அவளே தங்கையை அதட்டுவாள். தங்கை கை வைப்பாள். அவள் கை வைத்தும் உடையவில்லையென்றால் வாத்தியம் தயார்.

டப்பா வெறும் சட்டை இல்லை, சத்தத்திலும் அதற்குப் பங்கு உண்டு. நம்பாதவர்கள் ஒரு ஸ்பீக்கரை மேஜைமேல் வெறுமனே வைத்துப் பாட விடுங்கள். கொசு மாதிரி கேட்கும். ஸ்பீக்கர் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிட, அடிக்குரல் காணாமல் போகிறது. அதே ஸ்பீக்கரை ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு ஒட்டினால் குரல் உடைந்த பையன் மாதிரி ஆகிவிடும். செலவு பூஜ்யம்.

அடுத்தது 'ஹம்'. வீட்டு ஒயரிங்கிலிருந்து 50 சைக்கிள் ரீங்காரம் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சர்வசாதாரணமாக நுழையும். உலோக டப்பா என்றால், அதை சர்க்யூட்டின் கிரவுண்டோடு இணைத்துவிட்டால், பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடும். விதிவிலக்கு, 1920-ல் ரஷ்யாவில் லெவ் தெர்மின் கண்டுபிடித்த வாத்தியம். கையைக் காற்றில் ஆட்டினாலே பாடும். ஆன்டெனா பக்கத்தில் பெரிய தகடு இருந்தால் கையின் செல்வாக்கு குறைந்துபோகும். அதற்கு மரப்பெட்டிதான் உசிதம்.

முதல் டப்பாவுக்கு என் சிபாரிசு, பரணில் கிடக்கும் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ். தகர டப்பா, கீல் உண்டு, கைக்கு அடக்கம். எவர்சில்வர் டிபன் டப்பா பக்கம் போகாதீர்கள். ட்ரில் பிட் சூடாகி மழுங்கும், அம்மாவும் சூடாவாள். ஸ்பீக்கரை இதில் திணிக்காமல் ஒரு ஜாக் வைத்து வெளியே ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புங்கள்.

முதலில் பாகங்களை வாங்குங்கள், பிறகுதான் ஓட்டை. வால்யூம் கன்ட்ரோல் கழுத்துக்குச் சாதாரணமாக 7 மில்லிமீட்டர், கிடார் ஒயர் சொருகும் கால் அங்குல ஜாக்குக்கு ஏறக்குறைய 9.5. ஆனாலும் அளந்து பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி படுத்தால் 17.5 மில்லிமீட்டர் உயரம். மூடி மூடுகிறதா? ஓட்டையைப் பேப்பரில் வரைந்து வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்பக்கம் குறித்தால் இடது வலதாகி, குமிழும் ஜாக்கும் மாலை மாற்றிக்கொள்ளும். மெல்லிய தகரம் ட்ரில்லில் கிழியும், அடியில் மரக்கட்டை கொடுங்கள். ஆணியால் ஒரு பொட்டுக் குழி தட்டிவிட்டு ஆரம்பித்தால் பிட் வழுக்காது. சின்ன ஓட்டை போட்டுப் பெரிதாக்குங்கள். பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விரலில் பிளாஸ்திரியோடு ஆபீஸ் போகவேண்டும். கிரவுண்ட் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டுவதும், போர்டுக்கு அடியில் அட்டை வைப்பதும் மறக்கக்கூடாது. அட்டை இல்லையென்றால் சால்டர் முனையெல்லாம் தகரத்தில் பட்டு ஷார்ட். மூடியில் குமிழ் வைத்தால் ஒயரைத் தாராளமாக விடுங்கள். வீட்டுக் கரண்டை இதற்குள் கொண்டுவரவே வேண்டாம். தகர டப்பா, வெறும் கை, 230 வோல்ட் - இந்தக் கூட்டணி ஆகாது.

டப்பாவாலேயே பேர் வாங்கியவர்களும் உண்டு. 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி 'ஃபஸ் ஃபேஸ்' என்று கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல் போட்டது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்தாரே, அதுதான். உள்ளே இரண்டே இரண்டு டிரான்ஸிஸ்டர். வெளியே மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்துச் செய்த வட்டப்பெட்டி, கண் மாதிரி இரண்டு குமிழ். பெட்டிக்குள் பெரும்பாகம் காலியிடம்! நெதர்லாந்தில் மிகேல் வைஸ்விஸ் ஒருபடி மேலே போனார். 1970-களில் அவர் செய்த 'கிராக்கிள் பாக்ஸ்' ஒரு மரப்பெட்டி. குமிழே கிடையாது. மேலே உலோகத் தகடுகள். விரலை வைத்தால் உங்கள் உடம்பே சர்க்யூட்டில் சேர்ந்து பெட்டி அலறும். அதுவும் பேட்டரியில் ஓடுகிற சாதனம்தான், பயப்படவேண்டாம்.

ஒரு விஷயம், மூடுவதற்கு முன்னால். பேட்டரி மாற்ற எத்தனை ஸ்க்ரூ கழற்றவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நாலுக்கு மேல் என்றால் அந்த வாத்தியத்தின் ஆயுள் முதல் பேட்டரியோடு சரி. ஜாமெட்ரி பாக்ஸ்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, நகம் போதும்.