பெட்டிக்குள் ஒட்டிய தாள்



மாவனல்லையிலிருந்து ஓர் உம்மா எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகன், 1950களில் அமெரிக்காவில் வந்த கிட்டார் அம்ப்ளிபயர் ஒன்றை அச்சொட்டாகத் தானே செய்யப்போகிறானாம். அதன் சர்க்கிட் படத்தைத் தேடி இரவெல்லாம் கைபேசியும் கையுமாக இருக்கிறானாம். "படம் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் சுலபம் என்கிறான். விடலாமா?" என்று கேட்கிறார்.

கிட்டார் வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது மின்சாரத்தைப் பற்றி.

இதை வேலையற்ற வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டு வானொலி பிறந்ததே இப்படித்தான். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹாப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களை எடுத்து ஒலிபரப்புக் கருவி அமைத்தார். 1925 டிசம்பரில் கொழும்பிலிருந்து ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கியது. பிறகு அதுவே 1949இல் ரேடியோ சிலோன் ஆனது.

மகன் தேடும் அம்ப்ளிபயரின் கதையும் ரேடியோக் கடையில்தான் தொடங்குகிறது. லியோ ஃபெண்டர் என்பவர் 1938இல் கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். திருத்துபவனின் கஷ்டம் அவருக்குத் தெரியும். அதனால், பின்னாளில் தான் செய்த அம்ப்ளிபயர்களின் உட்புறத்தில், எந்த வால்வு எங்கே என்று காட்டும் ஒரு தாளை ஒட்டி அனுப்பினார். அதில் சர்க்கிட்டின் இலக்கமும் இருக்கும். '5F6-A' என்று இருந்தால், 5 என்பது 1950களைக் குறிக்கும், F என்பது எத்தனையாவது திருத்தம் என்பதை, 6 எந்த மாதிரி என்பதை, A அதற்கும் பிறகு செய்த சிறு மாற்றத்தை. ஒரே பெயரில் வந்த பெட்டிகளுக்குள்ளே பல சர்க்கிட்டுகள் உண்டு. பெயரைப் பார்த்துப் படம் எடுத்தவர் வேறொன்றைச் செய்து முடிப்பார். இலக்கத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.

இந்த 5F6-Aயை மற்றவர்களும் பார்த்துச் செய்தார்கள். இலண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்கப் பெட்டிகள் விலை அதிகமாக இருந்ததால், 1962இல் தன் கடைத் திருத்துநர் கென் பிரானையும் டட்லி கிரேவன் என்ற இளைஞனையும் கொண்டு அதைப் போலவே ஒன்று செய்வித்தார். சர்க்கிட் ஏறக்குறைய அதேதான். ஆனால் இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டார்கள். பின்பக்கம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு இருந்த இடத்தில், மூடிய பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு வந்தன. குரலே மாறிப்போயிற்று! அந்த மாறிய குரலுக்காகவே உலகம் முழுதும் வாங்கினார்கள். ஆகவே அச்சொட்டாக வரவில்லையே என்று மகன் முகம் வாடினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

படம் கிடைப்பது இன்று பெரிய காரியமல்ல. அக்காலத் திருத்துநர் கைநூல்களும் வால்வுக் கம்பனிகளின் புத்தகங்களும் பிரதி எடுக்கப்பட்டுக் கைபேசிக்கே வருகின்றன. முல்லார்ட் கம்பனி 1959இல் வெளியிட்ட அம்ப்ளிபயர் புத்தகம் அவற்றுள் நல்லதொன்று. முதல் முயற்சிக்கு அதிலுள்ள 10 வாட் சர்க்கிட்டே போதும் என்பது என் எண்ணம், கேட்பானோ தெரியாது. யாரோ பின்னாளில் திருப்பி வரைந்த படங்களில் பிழைகள் உண்டு. இரண்டு பிரதிகளை ஒப்பிடச் சொல்லுங்கள்.

வால்வுகளின் பெயர் மந்திரம் போலத் தோன்றும், பயப்பட வேண்டாம். ஐரோப்பியப் பெயரில் முதல் எழுத்து E என்றால் உள்ளிழை 6.3 வோல்ட்டில் எரியும். L என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பலமான வால்வு. CC என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு சிறு வால்வுகள். Z என்றால் மின்சாரத்தை ஒரு திசைப்படுத்துவது. அமெரிக்கப் படத்தில் 12AX7 என்று இருப்பதும் ஐரோப்பியரின் ECC83உம் ஒன்றுதான். வெவ்வேறு சாமான் என்று நினைத்து இரண்டையும் வாங்கிக் காசை வீணாக்காதிருக்கட்டும். இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இவற்றைச் செய்கிறார்கள்.

இனித்தான் உம்மாமார் கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்கப் படத்தில் 117 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்தப் படத்திலுள்ளபடியே டிரான்ஸ்போமர் வாங்கி நம் சுவரில் செருகினால் புகைதான் மிஞ்சும். 230 வோல்ட்டுக்கும், நம் 50 சைக்கிளுக்கும் சுற்றியதையே கேட்டு வாங்க வேண்டும். பழைய பெட்டிகள் இரண்டு கம்பி வயரோடு வந்தவை. அதை மட்டும் அப்படியே பின்பற்றக் கூடாது. மூன்று கம்பி வயர் போட்டு, எர்த் கம்பியை இரும்புத் தட்டில் இறுக்க வேண்டும்.

அந்த டிரான்ஸ்போமரைத் தாண்டிய பிறகு உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். "ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்பான். அது இங்கே கைகொடுக்காது. டிரான்ஸ்போமருக்கு அப்பால் ஒருவருக்கு ஷொக் அடித்தால் ட்ரிப் சுவிட்சுக்கு அது தெரியவே வராது. வயரைக் கழற்றிய பின்னும் கண்டென்சர்கள் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், சிலவேளை வெகுநேரம். ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடுவது சில பையன்களின் வீரம். அப்படியல்ல. ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக மெல்ல வடியவிட்டு, மீற்றரை வைத்து வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று செய்யும் வேலையுமல்ல. வீட்டில் யாருமில்லாத நேரத்தில் செய்யவும் கூடாது.

முதன்முதல் மின்சாரம் கொடுக்கும்போது, இழை எரியும் பழைய மாதிரி 60 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைக்கச் சொல்லுங்கள். எல்.ஈ.டி. பல்பு உதவாது. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ பிழை. உடனே கழற்ற வேண்டும். இதை நீங்களே அருகில் நின்று பார்க்கலாம், படிப்புத் தேவையில்லை.

இன்னொன்று. மூத்தம்மா காலத்து வால்வு ரேடியோ அலுமாரிக்கு மேலே இருந்தால், அதை உடைத்துப் பாகம் எடுக்க மகன் கேட்பான். அவற்றுள் சில டிரான்ஸ்போமரே இல்லாதவை. வால்வுகளின் பெயர் E இல்லாமல் U என்று தொடங்கினால் சந்தேகப்படுங்கள். அவற்றின் இரும்புத் தட்டிலேயே வீட்டு மின்சாரம் நிற்கக்கூடும். திறக்காமல் அனுபவமுள்ள ஒரு திருத்துநரிடம் கொடுங்கள். பின்மூடியின் உட்புறத்தில் தாள் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். நம் பக்கத்து மழை ஈரத்தில் பசை விட்டு, பூச்சியும் அரித்து, பெட்டிக்கு முன்னே போய்விடுவது அந்தத் தாள்தான்.