கொல்லைப்புறம்: புளியாரை, களையா? கீரையா?

ஐப்பசியில் நாலு நாள் மழை பெய்துவிட்டால் போதும். எங்கள் அரிமளத்துச் செம்மண்ணில், துவைக்கல் ஓரத்திலும் கிணற்றடியிலும் துளசி மாடத்து இடுக்கிலும் பச்சைப் பாயை விரித்தாற்போல் ஒரு செடி படர்ந்துவிடும். ஒரு காம்புக்கு மூன்று இலை. ஒவ்வொரு இலையும் நெஞ்சு வடிவத்தில், நுனியில் சின்னப் பிளவோடு இருக்கும். நடுநடுவே சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சள் பூ. இதுதான் புளியாரை.

இதைப் பற்றி இளம் தாயார் ஒருவர் எழுதியிருக்கிறார். "எங்கள் பூந்தொட்டி எல்லாவற்றிலும் இது முளைத்து நிற்கிறது. பிடுங்கிப் பிடுங்கிக் கை சோர்ந்துவிட்டது. மூன்று வயதுப் பையன் இலையைப் பறித்துத் தின்கிறான். என் மாமியாருக்குச் சிறுநீரகத்தில் கல் இருக்கிறது. 'தினம் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் புளியாரைச் சாறு குடித்தால் கல் கரைந்துவிடும்' என்று யாரோ சொல்ல, அவரும் அம்மி முன் உட்கார்ந்துவிட்டார். களை என்று நினைத்தது மருந்தாகிவிட்டது. நான் எதை நம்புவது அக்கா?"

முதலில் மாமியார் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாறு வேண்டவே வேண்டாம். கல் உள்ளவர்களுக்கு அது மருந்து இல்லை, கல்லுக்குத் தீனி. ஏன் என்று பின்னால் விளக்குகிறேன். அதற்கு முன்னால் செடியைச் சரியாக அடையாளம் தெரிந்துகொள்வோம்.

எது புளியாரை?

பெயரில் பலருக்குக் குழப்பம் வருகிறது. ஆந்திரத்துச் சகோதரிகள் 'கோங்குரா' என்று சொல்லும் புளிச்சக்கீரை வேறு. அது ஆளுயரம் வளரும். குளத்திலும் வயல் சேற்றிலும் நாலு இலையோடு மிதப்பது ஆரைக்கீரை. அது பூவே பூக்காத பெரணி இனம். நம் புளியாரைக்கு மூன்றே இலை, தரையோடு படரும் தண்டு, மஞ்சள் பூ.

சந்தேகம் இருந்தால் காயைப் பாருங்கள். அச்சாகக் குட்டி வெண்டைக்காய்! நிமிர்ந்து நிற்கும். முற்றிய காயை விரலால் தொட்டால் படபடவென்று வெடித்து, விதை சில அடி தூரம் தெறிக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது செலவில்லாத பட்டாசு. 1753ல் இதற்கு முறையான பெயர் வைத்த ஸ்வீடன் தேசத்து லின்னேயஸும் காயைப் பார்த்துத்தான் 'ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா' என்று வைத்தார். புளிப்பான, குட்டிக் கொம்புள்ள செடி என்று பொருள். மலையாளத்தில் புளியாரல், தெலுங்கில் புலிசிந்தாகு, ஆயுர்வேதத்தில் சாங்கேரி. இதைச் சேர்த்துக் காய்ச்சும் நெய்தான் சாங்கேரி கிருதம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பொழுது சாய்ந்ததும் மூன்று இலைகளும் குடையை மடக்கினாற்போல் கீழே மடங்கிக்கொள்ளும். காலையில் மறுபடி விரியும். தூங்க அடம் பிடிக்கும் குழந்தைக்குக் காட்டுங்கள். "பார், செடிகூடத் தூங்கப் போய்விட்டது!" என்றால் பாதி வேலை முடிந்தது.

பிறந்த வீடு, புகுந்த வீடு

இந்தச் செடிக்குப் பிறந்த வீடு எது? தாவர ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. தென்கிழக்கு ஆசியா என்பார் சிலர், மத்தியதரைக் கடல் ஓரம் என்பார் சிலர், அமெரிக்கா என்பார் சிலர். மனிதன் போன இடத்துக்கெல்லாம் மண்ணோடும் விதையோடும் கூடவே போய்விட்டதால் தடமே அழிந்துவிட்டது. நம் நாட்டு வைத்தியத்திலும் சமையலிலும் எத்தனையோ தலைமுறையாக இருப்பதால், புகுந்த வீட்டிலேயே மூத்த மருமகள் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் உறவுக்காரர்கள் சிலருக்குப் பிறந்த வீடு நன்றாகத் தெரியும். ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளில், மர நிழலில், வெள்ளைப் பூவோடு அடக்கமாக வளர்கிறது ஒரு புளியாரை. அங்கே அது காட்டுக்கு அழகு, யாருக்கும் தொல்லை இல்லை. தென் ஆப்பிரிக்காவின் கேப் பகுதியில் பெரிய மஞ்சள் பூவோடு ஒன்று உண்டு. சொந்த மண்ணில் அது பல பூக்களில் ஒரு பூ. ஆனால் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனதும் தோட்டம் தோட்டமாகப் பிடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் அதை அளவுக்கு மீறி மேய்ந்த செம்மறி ஆடுகளுக்குச் சிறுநீரகம் பழுதானது பதிவாகியிருக்கிறது.

நம் பக்கத்துக்கும் ஒரு விருந்தாளி வந்திருக்கிறது. மெக்சிகோவிலும் அதை அடுத்த நாடுகளிலும் பிறந்த ரோஜா நிறப் பூப் புளியாரை அது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இலை நம் புளியாரையைவிட நாலு மடங்கு பெரிது, பூ இளஞ்சிவப்பு. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். தேயிலைக்கும் காய்கறிப் பாத்திக்கும் அது பெரிய தலைவலி. மண்ணுக்குள் சின்ன வெங்காயக் குஞ்சுகள்போல் ஏராளமான கிழங்குகள் இருக்கின்றன. மேலே பிடுங்கினால் கீழே குஞ்சுகள் உதிரும். மண்வெட்டியால் கொத்தினால் பாத்தி முழுவதும் பரவும். நான் நர்சரியில் வாங்கிய ரோஜாச் செடியின் மண்ணோடு இது அரிமளம் வரைக்கும் வந்துவிட்டது!

அதற்காக வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்று சொல்லிவிட முடியுமா? எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்க்கரையை அடைத்த சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அடியில் புல்கூட முளைக்க யோசிக்கும் தைலமரக் காடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சரி. நம் குழம்பில் போடும் மிளகாயும், கொல்லையில் விதைக்கும் நிலக்கடலையும் அதே அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதானே? எங்கிருந்து வந்தது என்பதோடு, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் வேறொரு வேடிக்கை. பிடுங்கப் பிடுங்கத் தழைப்பதால் புளியாரை இலையை வம்ச விருத்திக்கு அடையாளமாக எண்ணி, பல குடும்பங்கள் தங்கள் குலச் சின்னமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. நாமும் மணமக்களை "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்றுதானே வாழ்த்துகிறோம்? வயலில் அருகும் ஒரு களைதான்!

புளிப்பில் என்ன இருக்கிறது?

இப்போது மாமியார் விஷயத்துக்கு வருவோம். புளியாரையின் புளிப்புக்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலமும் அதன் உப்புகளும். அந்த அமிலத்துக்குப் பெயரே இந்தச் செடியிலிருந்து வந்ததுதான். பழைய நாளில் ஐரோப்பாவில் இச்செடியிலிருந்து உப்பு எடுத்து, துணியில் பட்ட துருக்கறையும் மைக்கறையும் போக்கினார்கள். ஒரு பிடி புளியாரையைக் கசக்கித் தேய்த்தால் பித்தளைக் குத்துவிளக்கு பளிச்சென்று ஆவதும் இதனால்தான். தேய்த்த பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

விளக்குக்கு நல்லது, கல் உள்ள சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்ஸலேட்டும் சேர்ந்து உறைந்தவை. 'புளிப்பு, கல்லைக் கரைக்கும்' என்று நினைத்துக் குடிப்பது, கல் கட்டுகிறவனுக்கே செங்கல் எடுத்துக் கொடுப்பதுபோல.

கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். இரும்பன் புளி என்றும் பிலிம்பி என்றும் சொல்லும் காய், புளியாரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மீன் குழம்பில் இரண்டு காய் போடுவது அங்கே காலகாலமான வழக்கம். ஒன்றும் ஆனதில்லை. ஆனால் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிச் சிலர் அதைக் கெட்டிச் சாறாகப் பிழிந்து குடித்தார்கள். அப்படிச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பத்துப் பேரைப் பற்றி 2013ல் டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. நல்ல வேளை, குணமடைந்தார்கள். அதே குடும்பத்து நட்சத்திரப் பழமும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம் வரை கொண்டுபோய்விடும்.

காய் அதே காய்தான். குழம்பில் இரண்டு போட்டபோது உணவு, டம்ளரில் பிழிந்தபோது விஷம். ஆகவே புளியாரையைக் கீரையாகச் சாப்பிடுங்கள், சாறாகக் குடிக்காதீர்கள். மாமியாரிடம் "நீங்கள் செய்வது தப்பு" என்று ஆரம்பித்தால் வம்புதான் வளரும். "அத்தை, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிக்கலாமே" என்று கூடவே கிளம்பிவிடுங்கள். கல் இருப்பவர்களும், ஒரு தடவை வந்து போனவர்களும், சிறுநீரகம் பலவீனமானவர்களும் இந்தக் கீரையையே ஒதுக்கிவிடுவது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் மருந்து என்று புகட்டாதீர்கள்.

பையன் நாலு இலை தின்றதற்குப் பயப்பட வேண்டாம். அந்த அளவு ஒன்றும் செய்யாது. ஆனால் சாக்கடை ஓரம், நாய் நடமாடும் இடம், களைக்கொல்லி அடித்த இடம் எதுவும் குழந்தைக்குத் தெரியாது. "அம்மாவிடம் காட்டாமல் எந்த இலையையும் வாயில் வைக்கக் கூடாது" என்று பழக்குங்கள். இன்று புளியாரையைத் தின்கிறவன் நாளை அரளியைத் தின்ன மாட்டான் என்று என்ன நிச்சயம்?

பக்குவமாகச் சமைப்பது

அப்பத்தா காலத்துக் கடையல் இது. யோசித்துப் பார்த்தால் அதில் நல்ல விவேகம் இருக்கிறது.

நன்கு கழுவி ஆய்ந்த புளியாரை 2 கைப்பிடி, துவரம்பருப்பு அரைக் கப், சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 3, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. புளியும் தக்காளியும் வேண்டாம். கீரையே புளிப்பு.

கீரையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிஷம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். சத்தில் கொஞ்சம் போகும். ஆனால் கரையக்கூடிய ஆக்ஸலேட்டிலும் கணிசமான பங்கு போய்விடும். பருப்பை மஞ்சள் தூள், வெங்காயம், பூண்டு, மிளகாயோடு குழைய வேகவைத்து, கீரையைச் சேர்த்து உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். கடுகு, சீரகம், வற்றல் மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது.

அன்றைக்குச் சாப்பாட்டில் தயிரோ மோரோ கட்டாயம் இருக்கட்டும். அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட்டை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் வரை போகவிடாது. பத்து நாளைக்கு ஒரு தரம் சமைத்தால் போதும்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பெண்களும் இப்படித்தான். அங்கே 'ஓக்கா' என்று ஒரு புளியாரைக் கிழங்கு உண்டு. தோண்டியவுடன் சமைக்க மாட்டார்கள். சில நாள் வெயிலில் காயப் போட்டுப் புளிப்பை அடக்கி, தித்திப்பு ஏறிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள்.

தொட்டியில் வேண்டாம் என்றால்

மஞ்சள் பூ: மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, காய் முற்றுமுன் வேரோடு எடுங்கள். கணுவுக்குக் கணு வேர்விடும். அறுந்த துண்டை விட்டுவைக்காதீர்கள். பிறகு தேங்காய் நாரோ சருகோ மேலே பரப்புங்கள்.

ரோஜா நிறப் பூ: இழுக்காதீர்கள், கொத்தாதீர்கள். சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து அள்ளிச் சலித்து, கிழங்குக் குஞ்சுகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். எருக்குழியில் போட்டால் அங்கேயும் முளைக்கும். பாலிதீன் பையில் கட்டி, நன்றாக வெயிலில் வைத்து வாட்டிய பிறகே எறியுங்கள். நர்சரிச் செடி வாங்கினால் இடத்தில் நடுமுன் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அலங்காரத்துக்கு விற்கும் ஊதா இலைப் புளியாரையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அதைத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பூப் புளியாரையைக் கொல்லையில் ஒரு மூலையில் மட்டும் விட்டுவையுங்கள். வெளிர் நீலத்தில், கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு பட்டாம்பூச்சி புல்லோடு புல்லாகத் தாழப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் புழுவுக்கு இந்த இலைதான் ஆகாரம். உங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடுங்கள். இலையின் அடியில் பச்சைப் புழு கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில், பெயரில் பாதியைப் பங்கு போட்டுக்கொண்ட ஆரைக்கீரையைப் பார்ப்போம்.