வாரன்டி முடிந்த காரில் பெட்ரோல் கசிவு: செலவு யார் தலையில்? கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் வண்டியை எடுக்கப் போகிறீர்கள். போர்டிகோ முழுக்க பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தால் காருக்கு அடியில் ஈரம். பதறிப்போய் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால், எதிர்முனையில் வரும் முதல் கேள்வி, "வண்டி வாரன்டியில இருக்கா சார்?" இல்லை என்று சொன்ன அடுத்த நொடி பேச்சு எஸ்டிமேட்டுக்குப் போய்விடும்.

பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுகிறார்கள். வாரன்டி முடிந்தால் கம்பெனியின் பொறுப்பும் முடிந்தது என்ற எண்ணம்தான் காரணம். எரிபொருள் கசிவு விஷயத்தில் இது பாதி உண்மை மட்டுமே. மீதிப் பாதி என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், அவசரமான ஒன்று இருக்கிறது.

ஸ்டார்ட் பண்ணாதீங்க

"பக்கத்துலதானே ஒர்க்‌ஷாப், மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று நினைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகக் கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு படர்ந்து, மூடிய கார் ஷெட்டிலும் அடுக்குமாடி பேஸ்மென்ட்டிலும் தேங்கி நிற்கும். ஒரு சுவிட்ச் போடும்போது வரும் சின்னப் பொறியே போதும்.

எனவே சாவியைத் திருப்பாமல், நியூட்ரலில் போட்டு வண்டியை வெளியே தள்ளுங்கள். வாடை கடுமையாக இருக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றப் போகாதீர்கள், கழற்றும்போதும் பொறி வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது வாடை வந்தால் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றுவிடுங்கள். பானட்டிலிருந்து புகை வந்தால் அதைத் திறக்க வேண்டாம். காற்று உள்ளே போனால் தீ எகிறும். 112-க்கோ 101-க்கோ அழைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் சரி. ஒர்க்‌ஷாப்புக்கு டோயிங் வண்டியில்தான் போக வேண்டும். உங்கள் இன்சூரன்ஸில் ரோட் சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் அந்தச் செலவு அதிலேயே அடங்கக்கூடும். நிறைய பேர் அதற்குப் பணம் கட்டிவிட்டு, கட்டியதையே மறந்துவிடுகிறார்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டீசல் அவ்வளவு சீக்கிரம் பற்றாது என்பது சரிதான். ஆனால் இப்போதைய காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும் இருக்கும். இன்ஜின் ஓடும்போது கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தால், கண்ணுக்கே தெரியாத டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

எங்கே கசிகிறது?

எப்போது வாடை வருகிறது என்பதே நல்ல துப்பு. டேங்க் ஃபுல் பண்ணிய அன்று மட்டும் வாடை வந்தால், பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்துப் பகுதியோ, டேங்கின் மேலே பம்ப் உட்கார்ந்திருக்கும் இடத்து ரப்பர் வளையமோ சந்தேகத்துக்குரியவை. பல கார்களில் அந்தப் பம்ப் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். குழந்தைகள் உட்காரும் இடம் அது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வாடை வந்து பிறகு மறைந்தால், இன்ஜெக்டரின் ரப்பர் வளையம் இறுகிப் போயிருக்கலாம். எந்நேரமும் வாடை என்றால் ஓஸ், ஃபில்டர், பைப் லைன் பக்கம் பார்க்க வேண்டும். நம்ம ஊரில் எலியையும் மறக்கக் கூடாது. இரண்டு வாரம் எடுக்காமல் நிறுத்திய காரில் ஓஸைக் கடித்து வைத்திருப்பது சர்வ சாதாரணம்.

ஏசி ஓடிய பிறகு சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் வாடை இருக்காது.

ஓஸ் மாற்றும்போது விலை குறைவு என்று சாதாரண ரப்பர் குழாயை மாட்டச் சம்மதிக்காதீர்கள். இன்ஜெக்‌ஷன் இன்ஜினின் அழுத்தத்துக்கென்றே தனி ஓஸ், தனி கிளாம்ப் உண்டு. டேங்கில் எம்-சீல் வைத்து அடைப்பதும் ஒர்க்‌ஷாப் வரை வருவதற்கான ஒட்டுதான்.

தேய்மானமா, தயாரிப்புக் குறையா?

செலவு யாருடையது என்பது இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. எட்டு வருஷ ஓஸ் வெடித்துப் போனால் அது தேய்மானம், செலவு உங்களுடையது. எலி கடித்தாலும் அப்படியே. ஆனால் ஒரே மாடலில், ஒரே காலகட்டத்தில் தயாரான வண்டிகளில் ஒரே இடம் கசிகிறது என்றால் அது தயாரிப்புக் குறை. அதை வாரன்டி தேதியை வைத்து அளக்க முடியாது.

இப்படி நடந்திருக்கிறது. 2014 ஏப்ரலில் மாருதி சுசூகி தனது டிசையர், ஸ்விஃப்ட், எர்டிகா கார்களில் 1,03,311 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்தில் குறை, கசிய வாய்ப்பு என்பதே காரணம். அவை புது வண்டிகள். அதே நிறுவனம் 2024 மார்ச்சில் அழைத்த பலேனோ, வேகன் ஆர் கார்களோ 2019-ல் தயாரானவை. நாலு வருஷம் தாண்டியவை. பெட்ரோல் பம்ப் மோட்டாரில் குறை. பார்ட் இலவசமாக மாற்றித் தரப்படும் என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹோண்டாவும் பம்ப் பிரச்சினைக்காகத் தனது பழைய கார்கள் 90,468-ஐ அழைத்தது. இந்தப் பம்ப் குறைகள் இரண்டும் இன்ஜின் நின்றுபோகும் வகை, கசிவு இல்லை. ஆனால் வாரன்டி முடிந்த காருக்கும் இலவச ரிப்பேர் கிடைக்கும் என்பதற்கு இவையே சாட்சி.

ஆகவே எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன் உங்கள் ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரை எடுத்து, கார் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பகுதியில் போட்டுப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ரீகால் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கும், உங்களுக்கு வந்திருக்காது.

கம்பெனி தானாக அழைக்காவிட்டால்? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, வண்டியைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் அமலில் உள்ளன. அரசே உத்தரவிட்டு அழைக்க வேண்டி வந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனைகள். வண்டி தயாராகி 7 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஒரே குறையைச் சொல்லி குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும். நம்மில் பலர் மெக்கானிக்கிடம் புலம்புகிறோமே தவிர, அரசின் பரிவாகன் தளத்தில் புகாராகப் பதிவு செய்வதில்லை. பதிவாகாத கசிவு அரசின் கணக்கில் வராது.

இ20 பெட்ரோல் காரணமா?

இப்போது எந்த ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் கேட்கும் கேள்வி இது. எத்தனால் சில பழைய ரக ரப்பரை ஊதவும் இறுகவும் வைக்கும், தண்ணீரை இழுக்கும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்களில் பெரும்பாலானவை 20 சதவீத எத்தனாலுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பெரிய பாதிப்பு இல்லை என்று சொல்லும் பெட்ரோலிய அமைச்சகமே, 2025 ஆகஸ்ட் விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்கள், கேஸ்கட்களை மாற்ற வேண்டி வரலாம், அது செலவு குறைந்த வேலைதான் என்றது.

குறைந்த செலவோ கூடுதலோ, கட்டுவது கார்க்காரர். எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்துவிட்டது. அதற்காக ஒவ்வொரு கசிவுக்கும் இ20-ஐ கைகாட்டிவிட முடியாது. பத்து வருஷ ரப்பர் எத்தனால் இல்லாமலும் வெடிக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள், கசியும் வரை காத்திராமல், அடுத்த சர்வீஸிலேயே எரிபொருள் ஓஸ்களையும் பம்ப் வளையத்தையும் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால்

குறை இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் புகார் கொடுப்பவருக்குத்தான். கசியும் இடத்தை வீடியோ எடுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் ஸ்கிராப் சார்" என்பார்கள், விடாதீர்கள், உங்கள் வழக்கே அதுதான். 'பெட்ரோல் கசிவு' என்ற வார்த்தை ஜாப் கார்டில் இருக்கட்டும். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதிய பில் எதற்கும் உதவாது.

முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில். வாரன்டி முடிந்து சில மாதம்தான் ஆகிறது, சர்வீஸ் எல்லாம் அங்கேயே செய்தது என்றால், 'குட்வில்' என்ற பெயரில் செலவில் ஒரு பகுதியை ஏற்பதுண்டு. அது உரிமை இல்லை, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே வழக்குப் போடலாம். 10 லட்சம் வரையான காருக்குக் கட்டணம் அதிகபட்சம் 200 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

2019 சட்டத்தில் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் அது காயம், உயிரிழப்பு, மற்ற சொத்துச் சேதத்துக்கானது. கார் மட்டும் பாதிக்கப்பட்டால், குறையுள்ள பொருள் என்ற சாதாரணப் புகாராகத்தான் போட வேண்டும்.

இன்சூரன்ஸ், கசியும் ஓஸை மாற்றப் பணம் தராது. தீப்பிடித்தால் தரும், அதுவும் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் காருக்கு ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசியிலும், வண்டியைச் சேதத்திலிருந்து காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. கசிவு என்று ஜாப் கார்டில் எழுதியும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று வண்டியை எடுத்து வந்தவருக்கு, கிளெய்ம் நேரத்தில் அதே ஜாப் கார்டை இன்சூரன்ஸ் கம்பெனி எடுத்துக் காட்ட முடியும்.