ஆதரவும் உரிமையும்

இங்கிலாந்து தேசத்தில் டெர்பிஷயர் பகுதியிலுள்ள குரோம்ஃபோர்டு மிகச் சிறிய ஊர். ஆயினும் அதன் வரலாறு கூட்டுறவாளர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. நீர்விசையால் பஞ்சு நூற்று வெற்றி கண்ட முதல் ஆலையை ரிச்சர்டு ஆர்க்ரைட் 1771-ஆம் ஆண்டில் அங்கேதான் நிறுவத் தொடங்கினார்.

தொழிலாளரைக் குடியமர்த்த, 1776-ஐ ஒட்டி மூன்றடுக்குக் கல்வீடுகளை அவர் கட்டுவித்தார். மேல்மாடியில் வெளிச்சம் தாராளமாய் வர நீண்ட சன்னல்கள் அமைந்தன. குடும்பத் தலைவன் அங்கே தறி நெய்வான். பெண்டிரும் சிறுவரும் ஆலைக்குச் செல்வர். ஆலை இரவும் பகலும் ஓடிற்று. பின்னர்ச் சந்தையும் தேவாலயமும் எழுந்தன.

இவை நல்ல காரியங்களே, மறுப்பது நேர்மையன்று. ஆனால் வேலை, வீடு, சந்தை யாவும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கையின் ஆதரவு இருந்ததேயன்றி, உழைத்தவர்க்கு அவற்றில் உரிமை இருந்ததில்லை.

உரிமையற்ற வசதி நிலையாது என்பதை ஆலை முதலாளிகளே பின்னர் உணர நேர்ந்தது. ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய நீரில் பெரும்பகுதி ஈயச் சுரங்கத்தினின்று வடிந்த நீர். பிறர் அதனினும் தாழ்வாக வேறொரு வடிகால் வெட்டவே, நீர் அவ்வழியே இறங்கலாயிற்று. ஆர்க்ரைட் குடும்பத்தார் வழக்காடினர். சுரங்கத்தார் தம் சௌகரியத்திற்காக வெளியேற்றிய நீரைப் பல்லாண்டு பயன்படுத்தியதனாலேயே, அது என்றும் வரவேண்டுமெனக் கோரும் உரிமை பிறவாது என்று 1839-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீர் குறைந்தது, நூற்பும் நலிந்தது. இன்று அவ்வாலை உலகப் பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதி. 2001-இல் அப்பெருமை கிட்டியது.

தீர்ப்பு வந்து ஐந்தே ஆண்டுகளில், 1844-இல், லங்காஷயரின் ராச்டேல் நகரில் நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 பேர் ஆளுக்கொரு பவுன் சேர்த்துச் சிறு கடை திறந்தனர். மாளிகை இல்லை, பெரும் மூலதனம் இல்லை. ஆனால் கடை அவர்களுடையது. அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. குரோம்ஃபோர்டில் இல்லாதது இதுவே.

அங்கத்தினர்களே! சங்கம் நமக்கு என்ன கொடுத்தது என்று கேட்பதோடு நின்றுவிட்டால், நாமும் பிறர் ஆதரவில் வாழ்பவராவோம். பொதுக்கூட்டத்திற்குத் தவறாது வருவதும், வரவுசெலவுக் கணக்கைக் கேட்டறிவதும், நன்கு ஆராய்ந்து வாக்களிப்பதுமே உரிமையைக் காக்கும் வழி. பயன்படுத்தாத உரிமை, பிறர் நிலத்து நீரைப் போல, ஒருநாள் வேறு திசையில் போய்விடும்.