ஓர்க்காவின் வீட்டுப் பேச்சு

அல்பெர்கேரியாவில் குடியிருக்கிறவர்களுக்குப் பல்லாரோ சந்தையின் சத்தத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வியாபாரிகள் இழுத்துக் கூவுகிற அந்தக் கூப்பாட்டுக்குச் சிசிலிக்காரர் ‘அப்பன்னியாத்தா’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பழகின காதுக்கு, கூவுகிறது எந்தக் கடைக்காரர் என்று ஆளைப் பார்க்காமலே தெரியும். கடலுக்கு அடியிலும் இப்படிக் குரலால் ஆளை அறிகிற ஒரு கூட்டம் இருக்கிறது.

ஓர்க்காவைக் கொலைகாரத் திமிங்கிலம் என்கிறோம். உண்மையில் அது டொல்பின் குடும்பத்தில் ஆகப் பெரியது. கனடாவின் மேற்குக் கரையில் ஜோன் ஃபோர்ட் என்ற ஆய்வாளர் 1970களின் கடைசியிலிருந்து தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி இவற்றின் சத்தங்களைப் பதிந்தார். அங்கே ஒவ்வொரு கூட்டத்துக்கும் 7 முதல் 17 வரை தனிக் கூப்பாடுகள் இருந்தன. ஒரே கடலில், ஒரே மீனைத் தின்றாலும், கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு வேறு. குட்டி அதைத் தாயிடமும் தாய்வழிச் சொந்தங்களிடமும் கேட்டுப் பழகுகிறது. தகப்பன் வேறு கூட்டம், கூட இருப்பதில்லை. அதனால் அவருடைய பேச்சு குட்டிக்கு வருவதில்லை. (அப்பாமார் கோவிக்க வேண்டாம், நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீங்கள்!)

எங்கட பக்கமும் ஓர்க்கா வந்தது. 2019 டிசம்பரில் ஐஸ்லாந்துக் கூட்டம் ஒன்று ஜெனோவா துறைமுகத்துக்கு அருகே தென்பட்டது. செத்துப்போன குட்டியைத் தாய் நாட்கணக்கில் தள்ளிக்கொண்டே திரிந்தது. மாதக் கடைசியில் அந்தக் கூட்டத்தை மெசினா நீரிணையில் கண்டார்கள். ஐஸ்லாந்து என்று தெரிந்தது படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததால்.

ஆனால் குரல் காட்டிக்கொடுத்த கதையும் உண்டு. 2002 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் ஒரு குட்டி தனியாகத் திரிந்தது. ஏறக்குறைய இரண்டு வயசு, தாய் இல்லை. கூப்பாட்டைப் பதிந்து கேட்டபோது, அது அந்தப் பக்கத்துப் பேச்சே இல்லை. வடக்கே கனடாவில் வாழும் கூட்டத்தின் பேச்சு. பதில் சொல்ல ஆளில்லாத இடத்திலும் பிள்ளை வீட்டுப் பேச்சிலேயே கூப்பிட்டிருக்கிறது. ‘ஸ்பிரிங்கர்’ என்று பெயர் வைத்து, ஜூலையில் படகில் ஏற்றி, சொந்தக் கடலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்ச நாளில் உறவுகளோடு சேர்ந்துவிட்டது.

தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் சொல்லுகிற பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற வீடுகளுக்கு இந்தக் கதை கொஞ்சம் சுடும். ஓர்க்காவின் கூப்பாடு எங்கட மொழி மாதிரி இல்லை, அவை என்ன ‘சொல்லுகின்றன’ என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே ஒப்பீட்டை அதிகம் இழுக்கக்கூடாது. ஆனால் அம்மம்மாவின் தமிழ் மாதிரியே பிள்ளையின் தமிழும் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இதையும் கேளுங்கோ. 2000இல் வெளிவந்த ஒரு ஆய்வில், இரண்டு ஓர்க்காக் குடும்பங்களின் பத்து வருசத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஒப்பிட்டார்கள். ஒரு கூப்பாடு வருசத்துக்கு வருசம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தது, இரண்டு குடும்பத்திலும் ஒரே போக்கில். மாறினது ஒரு பிழை இல்லை, சேர்ந்து மாறியிருக்கின்றன.

ஸ்பிரிங்கருக்கு 2013இல் முதல் குட்டி பிறந்தது.