பழைய லேப்டாப்பை எடைக்குப் போடாதீங்க! எந்த கம்ப்யூட்டருக்கு எந்த ஓ.எஸ்?

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் பல மாநிலங்களில் போர் போட்டுக்கொண்டிருக்கும். அவற்றின் டீசல் செலவு, அடிக்கணக்கு, ஆள் சம்பளம் எல்லாம் ஊரில் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறும். விசைத்தறிக் கூடத்துக்கும் இதே கதைதான். அந்த கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 10-ல் ஓடுகிறது என்றால், கொஞ்சம் கவனிக்க வேண்டிய நேரம் இது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துவிட்டது. தனிநபர்களுக்கு அறிவித்த நீட்டிப்புத் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைதான். அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் எப்போதும்போல ஆன் ஆகும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. நெட் பேங்கிங்கும் ஜி.எஸ்.டி கணக்கும் நடக்கும் கம்ப்யூட்டருக்கு இது ஆபத்து.

விண்டோஸ் 11 ஏன் ஏற மறுக்கிறது?

குறைந்தது 4 ஜி.பி ராம், 64 ஜி.பி இடம் இருந்தால் மட்டும் போதாது. டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசஸரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால், பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. மைக்ரோசாஃப்டின் 'பி.சி ஹெல்த் செக்' என்ற இலவச ஆப், உங்கள் கம்ப்யூட்டர் தேறுமா என்று சொல்லிவிடும். சில கம்ப்யூட்டர்களில் டி.பி.எம் இருந்தும் பயாஸில் ஆஃப் ஆகியிருக்கும். அதை ஆன் செய்தாலே வேலை முடிந்தது.

எதற்கு எது பொருந்தும்?

* 8-ம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல், 8 ஜி.பி ராம்: யோசிக்காமல் விண்டோஸ் 11. ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி-க்கு மாற்றுங்கள். வேகத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

* பழைய பிராசஸர், 4 ஜி.பி ராம்: லினக்ஸ் மின்ட். அதிலும் 'எக்ஸ்.எஃப்.சி.இ' பதிப்பு லேசானது. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், இலவசம்.

* பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு: கூகுளின் குரோம் ஓ.எஸ் ஃப்ளெக்ஸ். இதற்கும் 4 ஜி.பி ராம் வேண்டும். போனில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஆப்கள் இதில் ஓடாது.

* 2 ஜி.பி ராம்: லுபுண்டு போன்ற லேசான லினக்ஸ் ஏறும். ஆனால், நாலைந்து டேப் திறந்தாலே திணறும். முடிந்தால் முதலில் ராமைக் கூட்டுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் வந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி-க்கு ஆதரவு நின்றபோதும், பாஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

மாறும் முன் கவனிக்க வேண்டியவை

டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் அதைச் சுற்றுவழியில் ஓட்டப் பார்ப்பவர்கள் உண்டு. வருஷக் கணக்கை நம்பி அதில் வைக்க வேண்டாம். பழைய பிரின்டர், பில் மெஷின், விரல் ரேகை கருவி ஆகியவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ் டைப்பிங்குக்குப் பிரச்னை இல்லை. தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

எதையும் அழிக்காமலே சோதிக்க வழி இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டை 8 ஜி.பி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்யலாம். வைஃபை, சத்தம், பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். திருப்தி என்றால் மட்டும் இன்ஸ்டால். அதற்கு முன் கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தேறவில்லை என்றால், அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழையதில் லினக்ஸ் ஏற்றி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். புராஜெக்ட் எழுதவும், பாடம் பார்க்கவும், புரோகிராமிங் பழகவும் அது இன்னும் சில வருஷம் தாராளமாக உழைக்கும்.