சேட்டிலைட் படத்தில் ராணுவத் தளம்... மங்கலாக்கினால் மறைந்துவிடுமா?

கூகுள் எர்த் அறிமுகமானது 2005 ஜூனில். சில மாதங்களிலேயே, அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் எச்சரித்தார்: இவ்வளவு துல்லியமான படங்கள் பயங்கரவாதிகளுக்கு உதவிவிடும். 2008 மும்பைத் தாக்குதலுக்குத் திட்டமிட்டவர்கள் கூகுள் எர்த்தையும் பயன்படுத்தியது விசாரணையில் தெரியவந்தது.

அப்போ, முக்கிய இடங்களை மங்கலாக்கிட்டா போதுமே?

ரஷ்யாவின் யாண்டெக்ஸ் மேப்ஸ் அதைத்தான் செய்தது. இஸ்ரேல், துருக்கியில் உள்ள ராணுவ இடங்களை மங்கலாக்கியது. விளைவு? எங்கெல்லாம் ரகசியம் இருக்கிறது என்பதற்கு அதுவே பட்டியலாகிவிட்டது! அப்படி 300-க்கும் மேற்பட்ட இடங்கள் இருப்பதை 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பு கண்டறிந்தது. வேறு மேப்பில் அதே இடத்தைத் திறந்து பார்த்தால் போதும்.

எவ்வளவு தெளிவாகத் தெரியும்?

ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் எல்லோருக்கும் இலவசம். சுமார் 5 நாளுக்கு ஒருமுறை புதிய படம் வரும். ஒரு பிக்ஸல் என்பது தரையில் 10 மீட்டர். ஓடுபாதை தெரியும், கார் தெரியாது. காசு கொடுத்தால் கிடைக்கும் தனியார் படங்களில் ஒரு பிக்ஸல் சுமார் 30 செ.மீ. மட்டுமே. லாரியா, காரா என்று பிரித்தே சொல்லலாம். கூகுள் எர்த்தில் நாம் பார்ப்பதோ பெரும்பாலும் பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள் பழைய படம்.

அதாவது, ஒரு தளம் எங்கே இருக்கிறது என்பது இனி ரகசியம் இல்லை. இன்று அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் ரகசியம்.

ஆபத்து மட்டும்தானா?

இல்லை. சீனாவின் யூமென் பாலைவனத்தில் சுமார் 120 ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவதை, 2021-ல் தனியார் சேட்டிலைட் படங்களை வைத்தே அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2022-ல் உக்ரைனின் புச்சா நகரில் மக்கள் கொல்லப்பட்டது 'நாடகம்' என்றது ரஷ்யா. ஆனால், ரஷ்யப் படைகள் அங்கே இருந்தபோதே தெருவில் உடல்கள் கிடந்ததை சேட்டிலைட் படங்கள் காட்டிக்கொடுத்தன.

இந்தியா என்ன செய்கிறது?

உலகம் முழுக்கக் கிடைப்பதை இங்கே மட்டும் தடுத்துப் பயனில்லை என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. ஒரு கட்டடம் மேப்பில் இருக்கலாம். அது என்ன கட்டடம் என்ற முக்கியத் தகவலைச் சேர்க்கத்தான் கட்டுப்பாடு. வானத்துக்குத் திரை போட முடியாது. ஆனால், ராணுவ வளாகத்துக்குள் எடுத்த செல்ஃபியை லொகேஷனோடு போஸ்ட் செய்யாமல் இருக்க முடியும்.